நாலு டம்ளர் மாவு எத்தனை கிராம்?

மூன்றாவது கேக்கும் நடுவில் குழி விழுந்துதான் வெளியே வந்தது.

மரியசெல்வி ஓவன் கதவைத் திறந்து பார்த்தாள், மூடினாள், மறுபடியும் திறந்து பார்த்தாள். இரண்டாம் தரம் பார்த்தால் குழி மேடாகிவிடுமா என்ன? ஓரமெல்லாம் பொங்கி நிற்க, நடுவில் மட்டும் யாரோ உட்கார்ந்து எழுந்துபோன மாதிரி அமுங்கிக் கிடந்தது. அடியில் வெண்ணெய் கசிந்து தட்டெல்லாம் பிசுபிசுப்பு. நானூறு கிராம் வெண்ணெய், எட்டு முட்டை, ஒரு டம்ளர் நல்ல டிகாஷன், எல்லாம் பாழ்.

"கருமம்! கருமம்!" என்று கைத்துணியை மேஜைமேல் ஓங்கி அடித்தாள்.

"என்னாச்சு செல்வி?" முன்னறையிலிருந்து அவள் புருஷன் ஸ்தனிஸ்லாஸின் குரல் வந்தது.

"என்னாகும்? உழுந்துருச்சு. நீங்க எழுதிக் குடுத்த கிராமுதானுங்களே, நீங்களே வந்து தின்னுங்க!"

இத்தனைக்கும் அவள் நேற்று கேக் போடக் கற்றுக்கொண்டவள் இல்லை. நாகலூரில் பத்துப் பதினோரு வருஷமாக அவள் கேக் வெட்டாத ஞானஸ்நானம் கிடையாது, புதுநன்மை கிடையாது. கொட்டச்சேட்டில் கல்யாணம் என்றாலும் அவள் தட்டுதான் பஸ் ஏறிப் போகும். ஒரே ஒரு எவர்சில்வர் டம்ளர். நாலு டம்ளர் மைதா, இரண்டரை டம்ளர் சர்க்கரை, கத்தி முதுகால் ஒரு வழிப்பு, அவ்வளவுதான் அவள் கணக்கு. ஒரு நாளாவது குழி விழுந்திருக்குமா? கிராம் என்ற சனியன் வீட்டுக்குள் வந்த நாளிலிருந்துதான் இந்தக் கூத்து.

அந்தச் சனியனை விருந்தாளி மாதிரி கூப்பிட்டு உள்ளே விட்டவளும் அவள்தான், அதுதான் வயிற்றெரிச்சல்.

ஏற்காட்டில் ஏரியைத் தாண்டி மேலே போகிற வழியில் புதிதாக ஒரு ரிசார்ட் வந்திருந்தது. அங்கே சமையலறைக்குப் பெரியவன் பிரபாகர். சேலத்துப் பையன், முப்பது வயசு இருக்கும். எங்கோ ஒரு கல்யாணத்தில் மரியசெல்வியின் காப்பி கேக்கைத் தின்றுவிட்டு, யார் செய்தது, எந்த ஊர் என்று விசாரித்து, பைக்கில் நாகலூருக்கே வந்து நின்றுவிட்டான்.

"அக்கா, எங்க ரிசார்ட்ல கேக்குக்குன்னே தனியா ஒரு கிச்சன் தொறக்கறோம். அதைப் பாத்துக்க நீங்க வரணும். ரெண்டு பசங்களைக் கூடத் தர்றேன். நீங்க சொல்றதைத்தான் அவங்க செய்வாங்க."

போய்ப் பார்த்தாள். ஆள் உயரத்துக்கு ஓவன். நாலு பேர் படுத்து உருளலாம் போல ஒரு மேஜை. ஜன்னலைத் திறந்தால் சில்வர் ஓக் மரங்கள். பதினாலு வயசில் காப்பிப் பழம் பறிக்கப் போனவள் அவள். எஸ்டேட்டில் வேலை செய்தபோது அது துரைமார் இடம். வீட்டில் கேக் போட்டபோது அது சமையலுக்கும் துணி மடிப்பதற்கும் மிச்சமான இடம். எனக்கென்று ஒரு இடம், நான் சொன்னால் இரண்டு பேர் கேட்கிற இடம் என்று ஒன்று அவளுக்கு இந்த வயசு வரைக்கும் வாய்த்ததில்லை. அந்த அறை அவளுக்கு வேண்டும். ஆசை என்று சொன்னால் போதாது, வெறி பிடித்துவிட்டது.

"ஆனா ஒரு கண்டிஷன்க்கா" என்றான் பிரபாகர். "டம்ளர் கணக்கு இங்க ஆகாது. உங்க டம்ளர் வேற, என் டம்ளர் வேற. ஒருத்தன் அமுக்கிப் போடுவான், ஒருத்தன் தூவிப் போடுவான். எல்லாத்தையும் கிராம்ல எழுதிக் கொண்டு வாங்க. சனிக்கிழமை உங்க பேப்பரைப் பாத்து எங்க பசங்க செய்வாங்க. நீங்க கை வெக்கக் கூடாது. உங்க கேக் மாதிரியே வந்துச்சுன்னா கிச்சன் உங்களுது. வரலைன்னா எங்க ஓனர், சேலத்துல இருந்து ஒரு பேக்கரிக்காரரைக் கூட்டிட்டு வர்றேன்னு ஒத்தக் கால்ல நிக்கறாரு."

"இதென்னங்க தம்பி பெரிய விசயம்? எழுதிட்டாப் போச்சு" என்று சொல்லிவிட்டு வந்தாள். சொன்ன வாயைத்தான் இப்போது அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

முதலில் போனில் தேடினாள். ஒரு கப் மைதா எத்தனை கிராம்? ஒரு பெண் நூற்றிருபது என்றாள். இன்னொருத்தி நூற்றி இருபத்தைந்து என்றாள். மீசை வைத்த ஒருவன் நூற்றைம்பது என்று அடித்துச் சொன்னான். ஒரே மாவு, ஒரே கப், ஆளுக்கு ஒரு எடை! மீசைக்காரன் தைரியமாகப் பேசினானே என்று நம்பி நூற்றைம்பது வீதம் போட்டாள். வந்தது கேக் இல்லை, செங்கல். கத்தி இறங்க மறுத்தது.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் ஜெஸ்லின் போனில் சத்தம் போட்டாள். "அம்மா, அவன் சொல்றது அவன் கப்பு. உன்னோட டம்ளர்ல எவ்ளோ புடிக்குதுன்னு அவனுக்கு என்னம்மா தெரியும்? நான் ஒரு தராசு அனுப்பறேன். உன் டம்ளரை நீயே எடை போட்டுப் பாரு. காலிக் கிண்ணத்தை மேல வெச்சு பட்டனை அமுத்து, சைபர்னு வரும். அப்புறம் மாவைக் கொட்டு. அதுல வர்றதுதான் எடை. ஒரு கொழப்பமும் இல்ல."

தராசு வந்தது. தட்டையாக, தோசைக்கல் அகலத்துக்கு, பச்சை எழுத்து மின்னிக்கொண்டு. அதைக் கண்டதும் முன்னறையிலிருந்து ஸ்தனிஸ்லாஸ் எழுந்து வந்துவிட்டார்.

அவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருபத்தெட்டு வருஷம் எஸ்டேட்டில் ரைட்டர். பழம் பறிக்கிறவர்கள் மூட்டையைக் கொண்டுவந்து தொங்கு தராசில் மாட்டுவார்கள். முள்ளைப் பார்த்து எடையை எழுதுகிறவர் அவர். போன வருஷம் எஸ்டேட் கை மாறியது. வந்தவர்கள் கம்ப்யூட்டர் வைத்தார்கள், ரைட்டருக்கு மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து சட்டைப் பையில் பேனாவோடு முன்னறையில் உட்கார்ந்திருந்தார். எழுதத்தான் ஒன்றும் இல்லை.

"எடையா? தள்ளு, தள்ளு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுத் தராசுக்கு முன்னால் அமர்ந்தார். வெள்ளைத் தாளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். "நீ கொட்டு. நான் எழுதறேன்."

அவளுக்கு அது நல்லதாகப்பட்டது. மனுஷன் ஒரு வருஷம் கழித்து உற்சாகமாக எழுந்திருக்கிறார், இருக்கட்டும் என்று விட்டாள். ஜெஸ்லின் சொன்னபடி பிளாஸ்டிக் கிண்ணத்தை வைத்துப் பட்டனை அமுக்கினாள். மாவு பறக்கிறது என்று ஒவ்வொரு டம்ளராகக் கொட்டிக் கொட்டி எடை போட்டார்கள். சர்க்கரை பறக்காது, அதனால் இரண்டரை டம்ளரையும் மொத்தமாகப் போட்டார்கள். வெண்ணெய் பாக்கெட்டிலேயே எடை அச்சடித்திருந்தது. பேக்கிங் பவுடர் கொஞ்சம்தான் என்பதால் ஒரு துண்டுக் காகிதத்தில் வைத்துப் போட்டார்கள். அவர் பார்த்தார், எழுதினார், கடைசியில் கூட்டி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். மைதா நானூற்று நாற்பது, சர்க்கரை நானூற்று எழுபது. எஸ்டேட் ஆபீஸில் இருந்து வந்த தாள் மாதிரியே அழகாக இருந்தது.

அந்த அழகான தாளைப் பார்த்துச் செய்த முதல் கேக் புஸ்ஸென்று எழும்பி, பொத்தென்று விழுந்தது.

ஐப்பசி மழை, மூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து உலாத்துகிறது, மாவு ஈரம் இழுத்துக்கொண்டது என்று நினைத்தாள். மாவை வெறும் சட்டியில் சூடு காட்டி, ஆறவைத்து, இரண்டாவது கேக் போட்டாள். அதுவும் விழுந்தது. முட்டை சரியில்லை என்று கடைக்காரனோடு சண்டை போட்டாள். ஓவனில் சூடு சரியில்லை என்று அதன் முதுகைத் திருப்பிப் பார்த்தாள். தராசே கோளாறு என்று ஜெஸ்லினைத் திட்டினாள்.

"எடையில தப்பு வராது" என்றார் ஸ்தனிஸ்லாஸ். "இருபத்தெட்டு வருசமா எடை போட்டவன் நானு. நீ கலக்கறதுலதான் ஏதோ தப்பு."

கேட்டாளே ஒரு கேள்வி! "ஏனுங்க, நான் கலக்கறது தப்பா? இத்தனை வருசமா இந்தக் கையி கலக்கினதைத்தானே ஊரே தின்னுச்சு?"

ஆத்திரத்தில் தாளைத் தூக்கி ஓரமாக எறிந்துவிட்டு, பழைய டம்ளரை எடுத்து அளந்து ஒரு சின்னக் கேக் போட்டாள். பூவாட்டம் வந்தது. விரலால் அமுக்கினால் அமுங்கி, விட்டால் எழுந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமா வந்தது? அழுகைதான் வந்தது. அதே கை, அதே மாவு, அதே ஓவன். டம்ளரில் அளந்தால் கேக், கிராமில் அளந்தால் குழி. இதைக் கொண்டுபோய் அந்தப் பையனிடம் எப்படிச் சொல்வது? டம்ளரையும் என்னையும் சேர்த்து வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றா?

மூன்றாவது விழுந்தது வெள்ளிக்கிழமை மத்தியானம். மறுநாள் காலையில் ரிசார்ட்டுக்குப் போக வேண்டும். வீட்டில் வெண்ணெய் தீர்ந்துவிட்டது. நாகலூர்க் கடையில் அந்த வெண்ணெய் கிடைக்காது, ஏற்காட்டுக்குப் போய்த் திரும்ப நேரமும் கிடையாது.

அந்த நேரம் பார்த்துப் பின்வாசல் வழியாகப் பாவாயி வந்தாள். மேலத் தோட்டத்தில் சாமையும் மிளகும் வைத்திருக்கிறவள். ஒரு காலத்தில் மரியசெல்வியோடு ஒரே வரிசையில் நின்று பழம் பறித்தவள். கேக் போடுகிற வாசனை வந்தால் அவள் கால் தானாகவே இந்தப் பக்கம் திரும்பிவிடும்.

"மறுக்காவும் குழியா?" என்று எட்டிப் பார்த்தாள். "குழில கொஞ்சம் தண்ணி ஊத்தி மீனு வுட்டுறலாம் போ."

"பாவாயி, நானே வெந்து நொந்து கெடக்கறேன். வாயை மூடிட்டு தின்னுட்டுப் போயிரு."

பாவாயி ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். "ருசியெல்லாம் நல்லாத்தான் இருக்குது. மாவுதான் பத்தலையாட்டம். ஆமா, எடை எழுதினது ரைட்டருங்களா? அவரு உனக்குன்னா நெறையாத்தானே எழுதுவாரு? அந்தக் காலத்துல எங்க மூட்டையெல்லாம் தராசுல ஏறினா எளைச்சுப் போவும். உன் மூட்டை மட்டும் கொழுகொழுன்னு இருக்குமே!"

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பழைய கிண்டல். ஆனால் மரியசெல்விக்கு அது இன்றைக்கும் சுருக்கென்றது. அவள் நாய் மாதிரி உழைத்தவள். மழைக்கு ஒதுங்காமல், அட்டைக் கடியைப் பார்க்காமல், மற்றவர்கள் வெற்றிலை போட உட்காரும்போதுகூடக் கிளையை வளைத்துக்கொண்டு நின்றவள். அவள் மூட்டை கனத்தது அதனால்தான். ஆனால் ரைட்டருக்கு அவள்மேல் ஒரு கண் என்று தெரிந்த நாளிலிருந்து, கனம் அவள் கையில் இல்லை, அவர் பேனாவில் இருக்கிறது என்று ஊர் சொல்லிவிட்டது. கல்யாணம் ஆன பிறகும் விடவில்லை. எத்தனையோ பேரோடு பேச்சே நின்றுபோனது. இதில் இன்னொன்றும் உண்டு, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. உள்ளுக்குள் ஒரு ஓரத்தில் அந்தப் பேச்சு கொஞ்சம் இனிக்கவும் செய்தது. ஒருவேளை மனுஷன் நமக்காக நிஜமாகவே இரண்டு கிலோ கூட்டித்தான் எழுதினாரோ என்று.

பாவாயி போன பிறகும் அவள் சொன்னதில் ஒன்று மட்டும் காதிலேயே நின்றது. மாவு பத்தவில்லை. அதைத் தானே யோசிக்காமல் போனதற்குத் தன்னையே நொந்துகொண்டாள்.

"ஏனுங்க, வாங்க. மாவை மறுபடியும் எடை போடலாம்."

ஸ்தனிஸ்லாஸுக்கு முகம் சுருங்கியது. "நான் போட்ட எடையை மறு எடை போடறதா? எஸ்டேட்ல மேனேஜர்கூட என்னைய அப்படிக் கேட்டதில்லை."

"மேனேஜருக்குக் கேக்கு உழுகலைங்க. எனக்கு உழுகுது. வாங்க."

முனகிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். அவள் கிண்ணத்தை வைத்தாள், பட்டனை அமுக்கினாள், டம்ளரில் மாவை நிரப்பி, கத்தி முதுகால் வழித்துக் கொட்டினாள். முன்னெல்லாம் கொட்டிய கையோடு அடுத்த டம்ளருக்குத் திரும்பிவிடுவாள். இந்தத் தடவை திரும்பவில்லை. அவருக்கு எதிரே நின்று அவர் முகத்தையே பார்த்தாள்.

அவர் தராசைப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது. பிறகுதான் பேனா தாளில் இறங்கியது.

அந்த உதட்டை அவளுக்குத் தெரியும். மழையில் நனைந்த மூட்டையோடு வரிசையில் நின்று, எத்தனை சாயங்காலம் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்! முள் ஒரு எண்ணில் நிற்கும். ரைட்டரின் உதடு அசையும். பேனா அதைவிடக் குறைவாக ஒரு எண்ணை எழுதும். மூட்டைக்கு என்றும் ஈரத்துக்கு என்றும் கழிவு. அவர் அதை வாய்விட்டுச் சொன்னதே இல்லை, யாரும் கேட்டதும் இல்லை.

அவள் கையை நீட்டித் தராசைத் தன் பக்கம் திருப்பினாள். நூற்று நாற்பது. தாளைப் பார்த்தாள். நூற்றுப் பத்து.

"இதுல நூத்தி நாப்பதுங்குது. நீங்க நூத்திப் பத்துன்னு எழுதறீங்க?"

"ஆமா" என்றார் அவர், ஒரு குற்றமும் அறியாத குரலில். "கிண்ணம் முப்பது கிராம் இருக்குது. மொதல்லயே போட்டுப் பாத்துட்டேன். அதைக் கழிக்க வேண்டாமா? கிண்ணத்தையும் சேத்தா கேக்குல போடப் போற?"

மரியசெல்வி விரலால் பட்டனைத் தட்டிக் காட்டினாள்.

"கிண்ணத்தை வெச்சுட்டுத்தானுங்களே பட்டனை அமுத்தறேன்! அமுத்தினதும் கிண்ணம் தானாக் கழிஞ்சுருது! அதுக்கு மேல நீங்க ஒருக்காக் கழிச்சா?"

"பட்டனா? என்கிட்ட யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லைதான். அவரும் கேட்கவில்லை. நாலு டம்ளர் மாவு, நாலு தரம் எடை, நாலு தரம் கழிவு. நூற்றிருபது கிராம் மாவு அவர் உதட்டிலேயே காணாமல் போயிருக்கிறது. சர்க்கரையில் ஒரே ஒரு கழிவு. வெண்ணெயும் பேக்கிங் பவுடரும் கிண்ணத்தில் ஏறவில்லை, அதனால் முழுசாகத் தப்பித்துவிட்டன. மாவு குறைந்து மற்றதெல்லாம் நிறைந்தால் கேக் பொங்கி விழாமல் என்ன செய்யும்? அவள் முட்டைக்காரனைத் திட்டியிருக்கிறாள், மகளைத் திட்டியிருக்கிறாள், மேகத்தைக்கூடத் திட்டியிருக்கிறாள்.

"பாவி மனுசா!" என்று கத்திவிட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரை அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. "ஒரு வார்த்தை, கழிக்கறேன்னு ஒரு வார்த்தை வாயில வராதுங்களா?"

"எடை போடறப்ப பேசிப் பழக்கமில்ல" என்றார் அவர், தாளையே பார்த்தபடி.

அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் அவளுக்கு இன்னொன்றும் கேட்க வேண்டியிருந்தது.

"எஸ்டேட்ல எல்லாருக்கும் இப்படித்தானுங்களே கழிப்பீங்க?"

"மூட்டைக்கு ஒரு கிலோ. அது ரூலு. நான் வெச்சதில்ல."

"எனக்கு?"

அவர் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார்.

"கேக்கறேன்ல? எனக்குக் கழிச்சீங்களா, கழிக்கலீங்களா?"

"உனக்கு..." என்று இழுத்தார். "அப்பவே ஆளுங்க ஒரு மாதிரி பாத்துட்டிருந்தாங்க செல்வி. ரைட்டரு ஆளைப் பாத்து எழுதறாருன்னு பேரு வந்துறக் கூடாது பாரு. அதனால உன்னுதுல மட்டும் ரெண்டு கழிச்சேன்."

வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வளைவில் திரும்பிப் போயிற்று. மரியசெல்வி கையில் இருந்த டம்ளரை மெதுவாக மேஜையில் வைத்தாள். எறிந்திருப்பாள். எறிந்தால் நெளிந்துவிடும், நாளைக்கு வரைக்கும் அது வேண்டும் என்றுதான் வைத்தாள்.

"பேரு வந்துச்சுங்களா, இல்லீங்களா?" என்று கேட்டாள்.

"வந்துச்சு" என்றார் ஸ்தனிஸ்லாஸ், சின்னக் குரலில்.

"அந்தப் பேரும் எனக்கு. அந்தக் கழிவும் எனக்கு."

அவர் ஏதோ சொல்ல வாய் திறந்தார். அவள் கேட்கத் தயாராக இல்லை. நெஞ்செல்லாம் எரிந்தது. அந்த ஓரத்தில் இத்தனை காலம் இனித்துக்கொண்டிருந்ததே, அதை நினைத்துத்தான் அதிகமாக எரிந்தது. அவள் மூட்டையை வைத்து அவர் தன் நேர்மையைக் காட்டிக்கொண்டிருக்கிறார், அவள் அதை அன்பு என்று நினைத்துக்கொண்டு குடும்பம் நடத்தியிருக்கிறாள்.

"எந்திரிங்க" என்றாள். "பேனாவை வெச்சுட்டு எந்திரிங்க."

எழுந்தார். அவள் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் முதலிலிருந்து அவளே எடை போட்டாள், அவளே எழுதினாள். அவள் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். கோடும் போடவில்லை, கையெழுத்தும் போடவில்லை. மைதா ஐந்நூற்று அறுபது, சர்க்கரை ஐந்நூறு. போட்டுப் பார்க்க வெண்ணெய் இல்லை. சரியோ தப்போ, நாளைக்கு அந்தப் பசங்கள் கையில்தான் தெரியும்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஸ்தனிஸ்லாஸும் கூடவே ஏறினார். வாருங்கள் என்று அவள் சொல்லவில்லை, வராதீர்கள் என்றும் சொல்லவில்லை. பக்கத்து சீட் காலியாக இருந்தும் பின்னால் போய் உட்கார்ந்தார்.

ரிசார்ட் கிச்சனில் இரண்டு பையன்கள் ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்றார்கள். பிரபாகர் அவள் தாளை வாங்கிப் பார்த்து, "அக்கா, இது ஏழா ஒண்ணா?" என்று ஒரு இடத்தில் மட்டும் கேட்டான். பிறகு பையன்களிடம் கொடுத்துவிட்டு, அவளைச் சுவரோரம் ஒரு ஸ்டூலில் உட்காரச் சொன்னான்.

கை வைக்கக் கூடாது என்று உட்கார வைப்பது எப்பேர்ப்பட்ட தண்டனை தெரியுமா? வெண்ணெயும் சர்க்கரையும் இன்னும் கொஞ்சம் வெளுக்க வேண்டும், பையன் நிறுத்திவிட்டான். முட்டையை ஒவ்வொன்றாக விட வேண்டும், நல்லவேளை, அதை எழுதியிருந்தாள். மாவைத் தராசில் கொட்டினான். பச்சை எழுத்து ஏறிக்கொண்டே போய் ஐந்நூற்று அறுபதில் நின்றது. கொஞ்சம் தாண்டிவிட்டது என்று ஒரு சிட்டிகை எடுத்தான். மரியசெல்வி புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிச் சுருட்டி, அது கயிறாகவே ஆகிவிட்டது. ஸ்தனிஸ்லாஸ் வாசலுக்கு வெளியே கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

ஓவனுக்குள் போனது. கண்ணாடி வழியாகத் தெரிந்தது. எழும்பியது. எழும்புவது பெரிய விஷயமில்லை, போன மூன்றும் எழும்பத்தான் செய்தன. அவள் மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டாள். நேரம் நகர மறுத்தது. விழப்போகிறது, இதோ விழப்போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். விழவில்லை.

பிரபாகர் வெட்டினான். உள்ளே ஒரே சீராக, காப்பி நிறத்தில், ஈரம் இல்லாமல், வறட்சியும் இல்லாமல் இருந்தது. ஒரு வாய் போட்டான், கண்ணை மூடினான், இன்னொரு வாய் போட்டான்.

"அக்கா, அதே கேக்! இந்தப் பசங்க கையில அதே கேக்! ஒண்ணாம் தேதியிலிருந்து வந்துருங்க, கிச்சன் உங்களுது."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அழுதால் அசிங்கம் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சர்க்கரை இன்னும் கொஞ்சம் அடிச்சிருக்கோணும்" என்று பையன்களைப் பார்த்துச் சொன்னாள். அவர்கள் "சரிங்கக்கா" என்றார்கள். அந்த இரண்டு "சரிங்கக்கா" அவளுக்குக் கேக்கைவிட ருசித்தது.

வாசலில் நின்ற ஸ்தனிஸ்லாஸை அப்போதுதான் பிரபாகர் கவனித்தான். "சாருதானே எஸ்டேட்ல ரைட்டரா இருந்தாரு? அன்னிக்கு நீங்க சொன்னீங்களே. அக்கா, எங்க ஸ்டோருக்கு ஒரு ஆளு தேடிட்டிருக்கேன். காய், மாவு, கறி எல்லாம் கீழேயிருந்து மூட்டை மூட்டையா வருது. எடை போட்டு, எழுதி, பூட்டி வெக்கணும். சாருக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு. வருவாருங்களா?"

ஸ்தனிஸ்லாஸின் முகத்தில் வெளிச்சம் வந்தது. ஒரு வருஷமாக அவரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. அவருடைய கை தன்னை அறியாமல் சட்டைப் பைப் பேனாவைத் தொட்டது. பிறகு பெண்டாட்டியைப் பார்த்தார்.

மரியசெல்வி அந்த முகத்தைப் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது. நிஜமாகவே பாவமாக இருந்தது. நேற்றைய எரிச்சலும் அப்படியே இருந்தது, ஒரு கிராம்கூடக் குறையவில்லை.

"வருவாருங்க தம்பி" என்றாள். "நேரந் தவற மாட்டாரு, ஒரு பருக்கை களவு போவாது. சாவியை நம்பிக் குடுங்க. ஆனா மூட்டை வந்தா என்னையக் கூப்பிடுங்க. தராசு முன்னால நான்தான் நிப்பேன். நான் வாய்விட்டுச் சொல்ற எடையை அவரு எழுதட்டும்."

புருஷனும் பெண்டாட்டியும் ஏதோ தமாஷ் பேசிக்கொள்கிறார்கள் என்று நினைத்துப் பிரபாகர் பலமாகச் சிரித்தான். பையன்களும் சிரித்தார்கள். ஸ்தனிஸ்லாஸ் சிரிக்கவில்லை. சரி என்று தலையை மட்டும் ஆட்டினார்.